சங்குத்தீடையில் கிணறு இல்லை

வரக்காப்பொலையிலிருந்து உள்ளே ஏறிப் போகிற ரப்பர் தோட்டமொன்றின் கீழ் டிவிசனில், பொய் சொல்வதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். அதற்குச் சம்பளம் கிடையாது. பெயர் சந்தியாகு. அந்தப் பெயர் கோயில் புத்தகத்தில் மட்டும்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் அவர் ‘மன்னாரு’.

மன்னார்த் தீவின் ஒரு மூலையில், சங்குத்தீடை என்கிற மணல் திட்டில் பிறந்தவர். இளவட்டமாக இருந்தபோது கருவாட்டு மூட்டையோடு இந்தப் பக்கம் வந்தார். சம்பளத்துக்கு மறுநாள் ஸ்டோர் வாசலில் சாக்கு விரித்து வியாபாரம். கருவாட்டில் பாதி உப்பு, பாதி மணல் என்று சண்டைக்கு வந்தவள் தெரேசம்மா. சண்டை முடிகிற மாதிரித் தெரியாததால் இருவரும் கலியாணம் செய்துகொண்டார்கள். ஊருக்குத் திரும்பலாம் என்று அவர் நினைத்த காலத்தில் யுத்தம் முந்திக்கொண்டு சங்குத்தீடைக்குப் போய், அங்கே இருந்த ஓலைக் குடிசைகளையும் ஆட்களையும் கிளப்பிவிட்டிருந்தது. ஆக, வலை இழுத்த கை பால் வெட்டப் பழகியது. அறுபது வயதில் கத்தியைக் கீழே வைத்தார். வாய் மட்டும் ஓய்வு கேட்கவில்லை.

அவருடைய வேலைத்தளம் பீலியடி. மேலே மலையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து லயத்தின் பின்பக்கம் விழ விட்டிருந்தார்கள். அந்தப் பீலிக்கு வாளியோடு வருகிறவர்கள், வாளி நிறைகிற வரைக்கும் எங்கேயும் போக முடியாது. மன்னாருவுக்கு அது தோது.

“ஒங்க பாட்டன்மாரெல்லாம் இந்தியாவுல இருந்து வந்து எறங்குனது எங்க ஊரு கரையிலதான். தண்ணி வத்துன நேரம் தோணி கரைக்கு வராது. எங்க தாத்தாதான் ஒவ்வொருத்தரா தோள்ல தூக்கிக் கொண்டாந்து மணல்ல வச்சாரு. ஒங்க சீயான் ஒரு கூடைக் கருவாட்டு கனம்தானாம். ஒங்க பாட்டி மட்டும் கனம். சேலைக்குள்ள அம்மிக்கல்ல ஒளிச்சு வச்சிருந்துச்சு.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசைவு தெரியாது. வைத்தியசாலையில் நோய்க்குறி சொல்கிறவரைப் போலச் சொல்வார்.

சங்குத்தீடையில் சோளகக் காற்று அடித்தால் காகங்கள் நடந்துதான் போகுமாம். கோழி இங்கே முட்டையிட்டால் அது அடுத்த ஊர்க்காரன் அடுப்படியில் போய் விழுமாம். தீவுக் கழுதைகள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து, ஆம்பிளைகள் பக்கம் நிற்குமாம். ஒரு கழுதை பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், சாமியார் அதற்கு மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தாராம்.

இந்தக் கதைகளுக்கு நிரந்தர எதிர்க்கட்சி கிருஷ்ணகுமாரி. லயத்தின் மூன்றாவது காம்பரா வீட்டில் இருக்கிற ஜெயம்மாவின் ஒரே மகள். வரக்காப்பொலையில் காமென்ட்டில் தையல் வேலை. பீலிக்கு வந்தால் குழாயின் கீழ் வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைப்பாள்.

“தாத்தா, இன்னைக்கு மீனு எவ்வளவு நீட்டம்?”

“ஒன்னோட கேள்வி நீட்டம்.”

“நான் காலிமுகத்துல கடலைப் பாத்துட்டு வந்துட்டேன். நீங்க சொன்ன மாதிரி ஒண்ணுமே இல்ல. சும்மா தண்ணி வந்து வந்து போகுது.”

“அது கொழும்புக் கடலும்மா. சம்பளத்துக்கு அலையடிக்குது. எங்களுது சொந்தக் கடல்.”

அவள் சிரித்துவிடுவாள். சிரித்தால் தோற்றாள் என்று கணக்கு. மன்னாருவுக்குப் பிள்ளை கிடையாது. இந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். தெரேசம்மாவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போன பிறகு, கிருஷ்ணகுமாரிதான் வந்து தலை வாரிவிடுவாள். தன் சேலைகளில் ஒன்றை அவளுக்குச் சட்டை தைத்துக்கொள்ளக் கொடுத்தாள் தெரேசம்மா. கடன் அன்று, பாசம்.

இத்தனை கதை சொன்னவர், அறுபத்து நாலாம் வருசப் புயலைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், “அப்ப நான் சின்னப் பய. தூங்கிட்டேன்” என்பார். தெரேசம்மாவுக்கு மட்டும் தெரியும். பெருமழை பெய்கிற இரவுகளில் அவர் படுக்கமாட்டார். சுவரில் சாய்ந்து குந்தியிருப்பார்.

அந்தக் கார்த்திகையில் மழை வந்தது. வருவதும் போவதும் மழைக்கு வழக்கம். இது வந்து இருந்துவிட்டது. பால் வெட்டில்லை, காலையில் வரிசை நின்று பேர் கொடுக்கிற பிரட்டில்லை. லயத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓடுகிற ஆறு, வழக்கமாகக் கணுக்கால் நனைக்கிற ஆறு, மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது. அதன் மேலே ஒடுக்கமான ஒரு சிமெந்துப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்களப் பள்ளிக்கூடம். ஆற்றோரத்து வீடுகளில் தண்ணீர் ஏறியதால், அந்தச் சனங்கள் முதல் நாளே பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்திருந்தார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்த ஜெயம்மா, அவர்களுக்குச் சமைக்கக் கை கொடுக்க என்று விடியுமுன்பே பாலத்தைக் கடந்து போனாள். அவள் புருசன் செல்லையா வரக்காப்பொலையில் கடை வேலைக்குப் போய், ரோட்டு மூடப்பட்டு அங்கேயே அகப்பட்டுக்கொண்டான்.

விடிந்து சற்று நேரத்தில் கிருஷ்ணகுமாரி வெறும் வாளியோடு வந்து மன்னாருவின் காம்பரா வாசலில் நின்றாள்.

“தாத்தா, பீலி நின்னுருச்சு.”

“இந்த மழையிலயா? பொய் சொல்றது என் வேலை. நீ ஒன் வேலையப் பாரு.”

“சத்தியமா தாத்தா. சொட்டுக்கூட வரல.”

அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். வானம் பிளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறது; பாறையெல்லாம் தண்ணீர் வழிகிறது; நாற்பது வருசமாக நிற்காத பீலியின் வாய் காய்ந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றார். குழாய் ஒருமுறை விக்கியது. கையளவு சேற்றைத் துப்பியது. மறுபடியும் நின்றது.

மன்னாரு குழாயின் கீழேயே சேற்றில் குந்தினார்.

“என்னா தாத்தா? நெஞ்சு வலிக்குதா?”

“ஒன்பது வயசு” என்றார் அவர்.

“யாருக்கு?”

“எல்லாரையும் கூப்பிடு. ஓடு.”

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்து கத்தியது: “ஒக்கோம இஸ்கோலெட்ட யன்ன! ஒக்கோம இஸ்கோலெட்ட!” எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று. லயத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வெளியே வந்து நின்றது. இந்திரகுமார் முன்னால் நின்றான். சங்கத்துக்குச் சந்தா வாங்குகிறவன், அதனால் தலைவன்.

“எல்லாரும் பாலத்தால போயிருவோம். கையப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா. கெழவி மூக்காயி எங்க? மாமா, நீங்க அத்தையக் கெளப்புங்க.”

“பாலத்துக்குப் போகாதீங்க” என்றார் மன்னாரு.

“என்னா மாமா, கழுதை தூக்கிட்டுப் போகுமா நம்மள?” யாரோ சிரித்தார்கள்.

மன்னாரு சிரிக்கவில்லை. அவர் எப்போதுமே சிரிக்காதவர்தான். ஆனால் இது வேறு சிரிக்காமை என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. கீழே ஒரு மரத்துண்டு வந்து பாலத்தின் காலில் மோதிய சத்தம், பீரங்கி போல மேலே வந்தது. பாலம் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

“தண்ணிகிட்டப் போகக் கூடாது. தண்ணி உள்ளுக்கு இழுத்துக்கிட்டா, வெளிய வரப்போகுதுன்னு அர்த்தம். மேல போகணும். அந்தோனியார் கோயில் கல்லு மேல இருக்கு. அங்க போயிருவோம்.”

“மேல மண்ணு சரிஞ்சா?”

“அது கல்லுப்பா. கல்லு எங்க சரியும்?”

நம்பக் கூடியதுதான். லயத்துக்கு மேலே, ஒரு பெரிய கற்பாறையின் முதுகில் சின்னதாய் அந்தக் கோயில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து அசையாமல் இருக்கிறது. கத்தோலிக்கர், இந்துக்கள் என்றில்லாமல் செவ்வாய்க்கிழமையில் எல்லோரும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். கீழே பழுப்பாய்த் துள்ளுகிற ஆற்றையும் மேலே வெள்ளையாய் உட்கார்ந்திருக்கிற கோயிலையும் பார்த்தால், எந்தப் பக்கம் சாவு இருக்கிறது என்பதில் கண்ணுக்குச் சந்தேகம் வராது.

கிருஷ்ணகுமாரியின் கையில் போன் அடித்தது. ஜெயம்மா.

“அம்மா, இந்திரகுமார் அண்ணன் கீழ வரச் சொல்றாரு. மன்னாரு தாத்தா மேல போகணுங்கிறாரு. இல்லம்மா, வெளையாட்டுக்கு இல்ல. அவரு மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு.” பிறகு போனை நீட்டினாள். “ஒங்ககிட்டப் பேசணுமாம்.”

மன்னாரு போனை வாங்கினார். மழைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது. அதனால் லயமே கேட்டது.

“மாமா, நெசத்தச் சொல்லுங்க. இந்தப் பாலம் ஆடுது, நான் இங்கருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவள வரச் சொல்லவா, வேணாமா?”

“ஜெயம்மா, கேளு. அறுபத்து நாலுல எனக்கு ஒன்பது வயசு. எங்க வீட்டுக்குப் பின்னால மணல்ல தோண்டுன ஒரு கெணறு. ஒருநாளும் வத்தாது. புயலன்னைக்குக் காலையில அம்மா தண்ணி மொள்ளப் போச்சு. குடம் மணல்ல இடிச்சுச்சு. ஒரு சொட்டு இல்ல. கடல் உள்ளுக்கு இழுத்துக்கிச்சு, அதான் கெணத்துத் தண்ணியும் போச்சு. அம்மாவுக்குத் தெரியும். என்னையப் பக்கத்து வீட்டுக்காரங்களோட மணல்மேட்டுக் கோயிலுக்கு அனுப்பிட்டு, தூங்கிக்கிட்டிருந்த தங்கச்சியத் தூக்கிட்டு வர்றேன்னு திரும்பிப் போச்சு. மேட்டுக்குப் போனவங்க பொழைச்சோம். கீழ நின்னவங்க யாரும் இல்ல. அம்மா வரவே இல்ல.”

மன்னாரு பீலி இருந்த பக்கம் திரும்பினார்.

“இங்கயும் பீலி வத்திருச்சு, ஜெயம்மா.”

“மேல கூட்டிட்டுப் போங்க மாமா” என்றாள் ஜெயம்மா. “அவகிட்டச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு. பாலத்துப் பக்கம் வரவேண்டாம்.”

சங்குத்தீடையில் அந்த அடையாளத்துக்கு அர்த்தம் ஒன்றுதான்: கிணறு வற்றினால் மேட்டுக்கு ஓடு. மலை வேறு புத்தகம். மலையில் பெருமழைக்குள் ஊற்று நின்றுபோனால், மேலே எங்கோ மண் அசைந்து ஊற்றின் கழுத்தை நெரித்துவிட்டது என்று அர்த்தம். அதே அடையாளம், எதிர்த் திசை. அதை வாசிக்க அங்கே யாருக்கும் தெரியவில்லை. வாசிக்கத் தெரியும் என்று நினைத்த ஒரே ஆள் கடலில் எழுத்துக் கற்றவர்.

சனம் இரண்டாகப் பிரிந்தது. இந்திரகுமாரோடு பாதிப் பேர் பாலத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் மன்னாருவோடு. மெல்வின் என்கிற பையன், நல்ல தேகக்காரன், தெரேசம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டான். அவன் மனைவி சர்மிளா துணிமூட்டையைத் தலையில் வைத்தாள். கிருஷ்ணகுமாரி தெரேசம்மாவுக்குக் குடை பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள்.

முதுகில் இருந்தபடியே தெரேசம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “கட்டுன நாள்லருந்து இந்த ஆளு சொன்ன ஒண்ணக்கூட நான் நம்புனதில்ல. இன்னைக்கு நம்புறேன். மூஞ்சியப் பாருங்க, கல்லறையில இருந்து எந்திரிச்ச மாதிரி.”

“பேசாம வா” என்றார் மன்னாரு.

“தாத்தா,” என்றாள் கிருஷ்ணகுமாரி, மூச்சு வாங்கிக்கொண்டே. “அந்தத் தங்கச்சி பேரு என்னா?”

“செபஸ்தியம்மா.”

“ஏன் ஒருநாளும் சொல்லல?”

“நீ சிரிக்கமாட்டியே.”

கோயிலுக்குள் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். கதவு சாத்தினதும் மழை தூரத்துக்குப் போய்விட்டது போல இருந்தது. சர்மிளா மெழுகுதிரி கொளுத்தினாள். மன்னாரு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தது.

“மூக்காயி எங்க?”

லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிற கிழவி. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொன்னதாக மெல்வின் சொன்னான். நான் போய்த் தூக்கிட்டு வர்றேன் என்று எழுந்தான். “நீ ஒரு பொம்பளையத் தூக்கிக் களைச்சுப்போயிட்ட” என்று மன்னாரு அவனை உட்கார வைத்தார். “கெழவி சின்னப் பயலுக்கு வராது. நான் போனா ஏசிக்கிட்டே வரும்.”

போகும்போது கிருஷ்ணகுமாரிதான் குடையை நீட்டினாள். “வேணாம். நீ வச்சுக்க, கூரை ஒழுகும்” என்றார்.

மூக்காயி ஆட்டுப் பட்டியின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆடு உள்ளே, காலை ஊன்றி நின்றது.

“வா கெழவி, மேல போவோம்.”

“ஆடும் வந்தா வர்றேன். அது வரமாட்டேங்குது. இழுத்துப் பாத்துட்டேன்.”

“அப்ப ஆட்டை விட்டுட்டு வா.”

“நீ ஒம் பொண்டாட்டிய விட்டுட்டு வந்திருக்க, என்னைய ஆட்டை விடச் சொல்ற.”

மன்னாரு கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஆடு மலைப் பக்கம் ஒரு குளம்பையும் எடுத்து வைக்க மறுத்தது. அவர் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆடு அவரைப் பார்த்தது. அப்போதுதான் வாசம் வந்தது. சத்தமில்லை, வாசம். புதைகுழி வெட்டும்போது வருகிற பச்சை மண் வாசம், மழையையும் மீறி.

நிமிர்ந்து பார்த்தார். மலையில் ரப்பர் மரங்கள் நின்றபடியே நடந்து வந்துகொண்டிருந்தன. விழவில்லை. வரிசை கலையாமல், நெஞ்சில் பால் கோப்பைகளோடு, பிரட்டுக்கு வருகிற ஆட்களைப் போல இறங்கி வந்தன. அவற்றின் நடுவே கோயில் இருந்த கல்லும் வந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. லயத்தின் முக்கால்வாசியை மண் கொண்டுபோனது. கடைசிக் காம்பராவுக்கு முன்னால், இரண்டு பாகத் தூரம் தள்ளி, நின்றது.

மரங்கள் நடந்ததை மன்னாரு பின்பு யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொன்னால் அது இன்னொரு கழுதைக் கதையாகப் போயிருக்கும்.

கோயிலுக்குள் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இராணுவத்துப் பையன்களும் பெக்கோ இயந்திரமும் வந்து தோண்டினார்கள். கிருஷ்ணகுமாரியை எடுத்தார்கள். மெல்வினையும் சர்மிளாவையும் ஒரே இடத்தில் எடுத்தார்கள். தெரேசம்மாவை எடுக்க முடியவில்லை. மண் இன்னும் அசைகிறது, இதற்கு மேல் தோண்டக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மழை விட்ட ஒரு மத்தியானத்தில் கிடைத்தவர்களைப் புதைத்தார்கள். மன்னாரு எல்லாக் குழிக்கும் மண் போட்டார். தனக்கென்று ஒரு குழி இல்லாததால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடவே போட்டார்.

பாலம் விழவில்லை. அதுதான் கொடுமை. மரங்கள் மோதியும், தண்ணீர் மேலே ஏறி ஓடியும், அது அப்படியே நின்றது. இந்திரகுமாரோடு போனவர்கள் எல்லோரும் கால் நனையாத குறையாக அக்கரை சேர்ந்திருந்தார்கள். மிஞ்சிய சனமெல்லாம் இப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. மண்டபத்தில் நான்காம் வகுப்பு நடக்கிற பக்கம் கீழ் டிவிசனுக்கு. அதன் வாசலில் நின்றால் பாலம் நேராகத் தெரியும். ஜெயம்மா அந்த வாசலில் உட்கார்ந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் மன்னாருவைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கும் பெண்டாட்டி போய்விட்டாள் அல்லவா என்று சொன்னார்கள். இந்திரகுமார் ஒரு பாயை அவருக்கு விரித்துக் கொடுத்து, “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க மாமா” என்றான். அவர் பாயைத் திருப்பிச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்தார். பேச்சு நின்றுபோயிருந்தது. மூக்காயியின் ஆடு மட்டும் பள்ளிக்கூட வேலியில் கட்டப்பட்டு, கிடைத்ததையெல்லாம் தின்றது.

ஜெயம்மா தின்னவில்லை. புதைத்துவிட்டு வந்ததிலிருந்து தண்ணீர்கூட வாயில் வைத்தால் துப்பினாள். சாமியார் வந்து சொன்னார். பன்சலையிலிருந்து புத்த பிக்கு, ஹாமுதுரு, வந்து சொன்னார். டாக்டர் பெண் ஒருத்தி வந்து ஊசியில் சேலைன் ஏற்றினாள். ஆள் போனதும் ஜெயம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள். கன்னம் குழி விழுந்து, ஆள் விறகுபோல் ஆகிவிட்டாள். இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனால் கேகாலைக்குக் கொண்டுபோனாலும் பிரயோசனம் இல்லை என்று டாக்டர் பெண் செல்லையாவிடம் சொல்லிவிட்டாள்.

செல்லையா மன்னாருவிடம் வந்து குந்தினான். ரோடு திறந்து அவன் வந்து சேர்ந்தபோது மகள் வெள்ளைத் துணிக்குள் இருந்தாள். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பேசினான்.

“மாமா, அவ ஒண்ணே ஒண்ணத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றா.”

“என்னா சொல்றா?”

“நான்தான் கொன்னேங்கிறா. மன்னாரு மாமா வழக்கமா விடுற மாதிரி ஒரு கதை விட்டிருந்தா, அவரு ஏமாத்திட்டாருன்னு அவர ஏசி அழுதிருப்பேங்கிறா. அவரு சொன்னது நெசம், நெசம்னு தெரிஞ்சு, யோசிச்சு, நானாத்தான் மேல அனுப்புனேன், என் வாயாலதான் சொன்னேங்கிறா. நான் சொன்னேன், அது விதின்னு. விதி போன் எடுத்துப் பேசுச்சாங்கிறா.” செல்லையா மூக்கைத் துடைத்தான். “பிள்ளையும் போயிருச்சு. இவளும் போயிட்டா நான் எங்க மாமா போறது?”

மன்னாரு கையை நீட்டி அவன் முதுகில் வைத்தார். எடுத்தார். எழுந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசை நின்றிருந்தது. அடுத்த ஊர்ப் பள்ளிவாசலில் இருந்து கபூர் நானா சோற்றுப் பொதிகளை லொறியில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற எல்லோரும் பார்க்க, மன்னாரு வாசலுக்குப் போய் ஜெயம்மாவுக்கு முன்னால், பாலத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

அவள் நிமிர்ந்தாள். காய்ந்துபோன குரலில் கேட்டாள்: “மாமா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒங்கம்மா கெணத்துக்குப் போனது நெசந்தானே?”

மன்னாரு அவளைப் பார்த்தார். அவருடைய பழைய முகம் வந்து அவர் மேல் உட்கார்ந்தது. ஈ உட்கார்ந்தால்கூட அசையாத முகம்.

“எந்தக் கெணறு?” என்றார்.

“போன்ல சொன்னீங்களே. கொடம் மணல்ல இடிச்சுச்சுன்னு.”

“அதுவா. சங்குத்தீடையில கெணறே கெடையாது. தண்ணி வண்டியிலதான் வரும்.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“புயலடிச்சப்ப நான் அந்த ஊருலயே இல்ல. மன்னார் டவுன்ல பெரியம்மா வீட்டுல இருந்தேன். எங்கம்மா காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில செத்துச்சு. பெரிய கட்டில், வெள்ளைப் போர்வை, பக்கத்துல நர்ஸ். எல்லாரும் பாலத்தப் பாத்து பயந்துக்கிட்டு நின்னீங்க. எனக்கு ஒரு கதை வந்துச்சு. விட்டேன். எல்லாரும் நம்புனீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

அறுபது வருசமாகக் கடலில் கிடந்த அம்மாவை எடுத்து, அவர் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துச் சாகடித்தார். இவ்வளவு நேர்த்தியாக ஒரு கதை அவர் அதற்குமுன் சொன்னதில்லை. காகம் நடக்கவில்லை, கழுதை முழங்காலிடவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

“தங்கச்சி?” என்று கேட்டாள் ஜெயம்மா.

அங்கே மட்டும் அவருக்கு ஒரு வினாடி பிந்தியது. “தங்கச்சியும் கெடையாது. நான் ஒத்தப் பிள்ள.”

ஜெயம்மா எழுந்தாள். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள். அவர் முகத்தில் துப்பினாள். வாயில் எச்சில் இல்லாததால் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அடித்தாள். நெஞ்சில், தோளில், கன்னத்தில், இரண்டு கையாலும். “பாவி! பொய் சொல்லியா என் பிள்ளையக் கூட்டிட்டுப் போன? பொய்யா? பொய்யிலயா என் பிள்ள செத்துச்சு? ஒன் பொண்டாட்டி கெடைக்காமப் போனது சரிதான்டா! நீயும் கெடைக்காமத்தான் போவ!” என்று கத்தினாள். கத்தக் கத்த, வயிற்றிலிருந்து அழுகை கிளம்பி வந்தது. மகள் செத்ததிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. செல்லையா அவளைப் பிடித்து இழுத்தான். மன்னாரு கையைக் கட்டிக்கொண்டு, மழையில் நிற்கிறவரைப் போல நின்றார்.

இந்திரகுமார் வந்து அவர் கையைப் பிடித்தான். மாமா என்று சொல்லவில்லை. “போ” என்றான். “அந்தக் கோடிக்குப் போய் இரு. இங்க நிக்காத.” மூக்காயி கிழவி மட்டும் வேலியோரத்தில் இருந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மன்னாரு அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அவர் பள்ளிக்கூட மண்டபத்தின் கடைசியில், மேசைகள் அடுக்கியிருந்த மூலையில் போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் பாய் போட்டிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். கபூர் நானாவின் ஆள் அவருக்கு ஒரு பொதி கொண்டுவந்து, எல்லோரும் பார்ப்பதைக் கண்டு, தரையில் வைத்துவிட்டுப் போனான். வெளியே யாரோ சொல்வது கேட்டது: “ஆரம்பத்துலருந்தே தெரியும் எனக்கு. அப்படி ஒரு ஊரே இல்ல. கருவாட்டு யாவாரத்துக்கு வந்த பய எதையாவது சொல்லுவான்.”

அழுது முடிந்த பிறகு, வெயில் சாய்கிற நேரத்தில், செல்லையா ஒரு பொதியைப் பிரித்து ஜெயம்மாவின் மடியில் வைத்தான். அவள் தள்ளவில்லை. கையைச் சோற்றில் வைத்தாள். மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்த மன்னாருவைப் பார்த்தாள். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டாள். விழுங்க முடியாமல் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினாள். அவர் மேலிருந்த பார்வை நகரவில்லை. இன்னொரு கவளம்.

மன்னாரு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தார். திருப்பினால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயந்தார்.